ஈ மொய்க்காத கொட்டகை

பதினொரு குழந்தைகள் கிடக்கும் இடத்தில் காலை பத்து மணிக்கு ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது நல்ல விஷயம்தான் என்று வீரம்மா மூன்று வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது அவள் மனசில் ஒட்டவில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி ஆயாக் கொட்டகையின் நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக் டிக்கென்று நெட்டி முறிப்பது கேட்டது. செம்பனைக் காட்டுக்குள் குலை ஏற்றும் லோரி கியர் மாற்றுவது கேட்டது. காப்பார் பெரிய ரோட்டில் கிள்ளானுக்குப் போகிற பஸ்ஸின் ஹாரன்கூடக் கேட்டது. கொட்டகைக்குள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

உத்தரத்தில் பன்னிரண்டு இரும்புக் கொக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ப்ரிங், ஸ்ப்ரிங்கின் நுனியில் கைலியைக் கட்டிய தூளி. இந்த மாதிரித் தூளியில் உள்ளே கிடக்கிற பிள்ளை ஒரு விரலை அசைத்தாலே போதும், கிரீச்சென்று ஒருமுறை ஏறி இறங்கும். பதினொரு தூளிகளும் மளிகைக்கடையில் தொங்குகிற மூட்டைகள் மாதிரி அசையாமல் தொங்கின. சன்னலோரத்துப் பன்னிரண்டாவது ஸ்ப்ரிங்கில் தூளி இல்லை. அந்த வருஷம் தோட்டத்தில் பதினொரு கைப்பிள்ளைகள்தான்.

அப்புறம் அந்த வாடை. யாரோ கைநிறையப் பூண்டை உரித்துப்போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை, சூடு ஏற ஏறக் கனத்து, தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுப்பில் பால் புட்டி கழுவ வைத்த வெந்நீரைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் சமைக்கிற வீடும் இல்லை. வீரம்மா இரண்டு தடவை அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

போன மாதம் அவளை ஆயா வேலைக்குப் போட்டபோது தோட்டமே சிரித்தது. பிள்ளை இல்லாதவளுக்குப் பதினொரு பிள்ளைகளா என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். அதற்கு முன் பதினோரு வருஷம் அவள் புல்லுக்கு மருந்தடித்தவள். முதுகில் பம்பு, மூக்கில் ஒரு துணி, காலில் ஓட்டை பூட்ஸ். கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கழன்று விழுந்தன. மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்தது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினாள். இனி பம்பு தூக்க முடியாது என்று தெரிந்தபோது, பழைய ஆயா சுங்கை வேயில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்ததால் இந்த இடம் காலியாக இருந்தது.

முதல் வாரம் பிள்ளைகள் அழுத அழுகை ஆபீஸ்வரை கேட்டது. அங்கே கணக்கெழுதும் கிராணி ரெங்கசாமி தினமும் வந்து முறைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் வீரம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. அம்மா வாசனை இருந்தால் பிள்ளை ஏன் அழப்போகிறது? விடியற்காலையில் பிள்ளையை விட வரும்போது, முந்தின நாள் வேலைக்குக் கட்டிய கைலியையும் கொண்டுவரச் சொன்னாள். அதையே தூளியாகக் கட்டினாள். ஒருத்தி நல்ல பெண்ணாகத் துவைத்துக் கொண்டுவந்தபோது வீரம்மா அவளைத் திருப்பி அனுப்பினாள்.

“தொவைச்சா சோப்பு வாசனைதானே வரும்? ஒன் வாசனை எப்படி வரும்? அப்படியே கழட்டிக் கொண்டா.”

மூன்றாம் நாளே அழுகை நின்றது. மேனேஜர் ஒருநாள் எட்டிப்பார்த்துத் தலையை ஆட்டினார். குழாயடியில் பேசியவர்களே இப்போது வீரம்மாக்கா கைராசி என்றார்கள். அவளுக்கும் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது. தன் கொட்டகையில் ஒரு ஈகூட மொய்ப்பதில்லை என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள்.

அது உண்மைதான். ஈ மொய்ப்பதில்லை. அவள் இப்போது துடைப்பத்தோடு குனிந்து தரையைப் பார்த்தாள். ஒவ்வொரு தூளிக்கும் நேர் கீழே, தட்டு வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்டம். வட்டத்துக்குள் செத்த ஈக்கள், எறும்புகள், கொசுக்கள். தினமும் கூட்டியதுதான். வட்டமாக இருப்பதை இன்றுதான் பார்த்தாள். மூன்றாவது தூளிக்கடியில் ஒரு பல்லி, வயிற்றைக் காட்டிக் கிடந்தது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு நேராக விஜயனின் தூளிக்குப் போனாள். விஜயன் அவள் தங்கை சீதாலெட்சுமியின் மகன், ஏழு மாதம். அம்மா செத்தபின் சீதாலெட்சுமியைத் தூக்கி வளர்த்தவள் வீரம்மா. அந்தப் பிள்ளையின் பிள்ளை என்றால் அவளுக்கு உயிர். கைலியை விலக்கினாள். விஜயன் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கிக் கழுத்து மடிப்பெல்லாம் நனைந்திருந்தது. கொட்டகைக்குள் அரை இருட்டு. இருட்டில் கண்ணின் கருமணி விரியுமே தவிரச் சுருங்காது. பிள்ளையின் கருமணிகள் இரண்டும் கடுகளவு இருந்தன.

அடுத்த தூளி. கடுகு. அதற்கடுத்தது. கடுகு. எல்லாப் பிள்ளைகளும் விழித்துத்தான் இருந்தன.

டிரெசர் தியாகராசா பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் வீடு அவருக்கு. இந்தப் பக்கத்து நாலு தோட்டங்களுக்கு அவர் ஒருவர்தான் வைத்தியம். வீரம்மா வாசலிலேயே மறித்தாள்.

“என்ன வீரம்மா, பிள்ளையளின்ட சத்தமே இல்லை. மந்திரம் போட்டீரோ?”

“கண்ணப் பாருங்கய்யா. கடுகு மாதிரி இருக்கு. எச்சி நிக்கவே மாட்டேங்குது.”

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே இரண்டடி வைத்தார். வைத்த காலை நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். தரையைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

“இந்தக் கைலியெல்லாம் எங்கேயிருந்து?”

“அம்மாமாருங்க வேலைக்குக் கட்டினதுங்கய்யா.”

அவர் டார்ச்சை அடிக்கவே இல்லை. வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, “வெக்கைதான். சன்னலைத் திறந்து விடும்” என்றார்.

“பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாங்களாய்யா?”

“போய் என்னெண்டு சொல்லுவீர்? பிள்ளையள் அழாமல் கிடக்குதுகள் எண்டோ?”

வீரம்மாவின் நகங்கள் கழன்றபோது அவள் கார்டில் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியவர் அவர்தான். இன்றைக்கு அந்த மாதிரிகூட எதையும் எழுதவில்லை. கைக்குட்டையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

இரண்டு மணிக்கு சீதாலெட்சுமி பிள்ளையைத் தூக்க வந்தாள். காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். இடுப்புக் கைலியின் முன்பக்கம் நனைந்து காய்ந்து மொடமொடவென்று நின்றது. அவள் உள்ளே நுழைந்ததும் அந்தப் பூண்டு வாடையும் கூடவே நுழைந்தது.

வீரம்மா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “இது என்னா வாடை?”

“புது மருந்துக்கா. போன மாசத்திலேருந்து இதுதான். கன்னு மரத்துல புழு திங்குதுல, அதுக்கு. பூண்டு மாதிரிதான் நாறும்.”

வீரம்மா அடித்த மருந்து வேறு. அது நீலமாக இருக்கும், குமட்டும், எட்ட நின்றாலே தெரியும். அந்த வாடையாக இருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள்.

“வேலை வாங்குற மண்டோர் ஒண்ணும் சொல்லலையா?”

“கையக் கழுவிட்டா போதும்னாரு. என்னாக்கா இப்படிப் பாக்கிற? எனக்கே ரெண்டு நாளா கண்ணு மங்கலா இருக்குலா.”

வீரம்மா அந்த அரை இருட்டிலேயே தங்கையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு கடுகு.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. பயத்தைவிடக் குற்றவுணர்ச்சிதான் அவளைப் புரட்டியெடுத்தது. மருந்து தோட்டத்துடையது, அடிக்கச் சொன்னது மண்டோர். ஆனால் துவைக்காத கைலிதான் வேண்டும் என்று அடம்பிடித்தது யார்? மண்டோரா?

ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு மாலையும் நினைவுக்கு வந்தது. எட்டாம் மாதம்வரை பம்பு தூக்கினாள். வலி வந்து வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் அடித்தாள். பிள்ளை அழவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். வாயைத் திறந்தது, முகத்தைக் கோணியது, அவ்வளவுதான். அவசரத்துக்கு வேறு துணி இல்லாமல், வீரம்மா வேலைக்குக் கட்டியிருந்த பச்சைக் கட்டம் போட்ட கைலியிலேயே சுற்றி, கணவன் நாகையா வாய்க்கால் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். அந்த அழுகையை அவள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள் என்று யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால், விடிவதற்குள் அம்மாமார் பிள்ளைகளோடு வந்தார்கள். கைலி வேண்டாம், மருந்து ஒட்டியிருக்கிறது என்று வீரம்மா ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சினாள். நேரமில்லை அவர்களுக்கு, லோரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

“ஒங்க வித்தைதானேக்கா” என்று தங்கமணி சிரித்துக்கொண்டே கைலியை அவள் தோளில் போட்டுவிட்டு ஓடினாள். சீதாலெட்சுமி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள்.

வீரம்மா பதினொரு கைலிகளையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கத்து சாமான் அறையில் போட்டாள். கதவின் தாழ்ப்பாள் அவள் தலைக்குமேல் இருந்தது, எக்கித்தான் போட்டாள். தன் பழைய சேலைகள் நாலைந்தைக் கிழித்து, வெயிலில் காய்ந்த சுத்தமான துணியில் பதினொரு தூளி கட்டினாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். தரையைக் கழுவிவிட்டாள்.

எட்டு மணிக்கு முதல் அழுகை வந்தது. விஜயன்தான். பிறகு பாலன் வீட்டுப் பிள்ளை, பிறந்து நாற்பது நாள், தலை நிற்காத பிள்ளை, பூனைக்குட்டி மாதிரிச் சிணுங்கியது. பிறகு இரட்டைப் பிள்ளைகள். ஒன்பது மணிக்குப் பதினொரு குரலும் சேர்ந்து கூரையைத் தூக்கின. ஸ்ப்ரிங்குகள் கிரீச் கிரீச்சென்று ஏறி இறங்கின. வீரம்மா கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, சிரித்தாள். சந்தோஷமாக இருந்தது. அத்தனையும் உயிரோடு இருக்கின்றன.

கிராணி ரெங்கசாமி குடையோடு வந்தார். வானம் அதற்குள் இருண்டிருந்தது.

“என்னா வீரம்மா, கொட்டாயா பாசாரா? கேஎல் பெரிய ஆபீஸ்லேருந்து ஆளுங்க வந்திருக்காங்க. காட்ட நல்ல இடம் இதுதான்னு நானே மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

“அழட்டும் கிராணி. அழுவுறது நல்லது.”

“கால் மணி நேரம். அதுக்குள்ள அமத்துங்க. இல்லேன்னா நாளைக்கு வேற ஆளுலா.”

“வேற ஆளப் போடுங்க. அந்தக் கைலியக் கட்ட மாட்டேன்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பம்பு தூக்கவும் முடியாத உடம்பு, இந்த வேலையும் போனால் எங்கே போவது என்று ஒரு கணம் நினைத்தாள். விஜயன் தொண்டை கட்டக் கட்ட அழுதுகொண்டிருந்தான். அது போதும் என்று தோன்றியது.

மழை பிடித்தது. பால் புட்டிகள் காலியாகிவிட்டன. குழாய் கொட்டகைக்குப் பின்னால், இருபது அடி தூரத்தில். வாளியை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. மழைக்குள்ளும் பதினொரு குரலும் தனித்தனியாகக் கேட்டன. அவளுக்கு ஒவ்வொன்றும் தெரியும். தங்கமணி மகள் விக்கி விக்கி அழுவாள். இரட்டையரில் மூத்தது இழுத்து அழும், இளையது வெட்டி வெட்டி.

மூத்தது நின்றது.

மூச்சு வாங்குகிறதாக்கும் என்று நினைத்தாள். வாளி பாதி நிறைந்திருந்தது.

இளையது நின்றது.

மழைதான். மழைச் சத்தம் கூடியிருக்கிறது.

தங்கமணி மகள். நடு விக்கலில். கத்தரித்த மாதிரி.

நாலு. ஐந்து. ஆறு.

வாளியை விட்டாள். கால் வழுக்கியது. எழுந்தாள். நெஞ்சு அடைத்தது, அந்தப் பழைய மூச்சு, நாலு படிக்கே நிற்கிற மூச்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு. எட்டு. பூனைக்குட்டிக் குரல். ஒன்பது. பத்து.

விஜயன் மட்டும்.

“அழுடா” என்றாள். “அழுடா கண்ணு. நிறுத்தாதே.”

நின்றது.

உள்ளே ஸ்ப்ரிங்குகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கிரீச். கிரீச். சேலைத் தூளிகள் மேலும் கீழும் போய்வந்தன. முதல் தூளியை விரித்தாள். காலி. இரண்டாவது. காலி. ஒவ்வொன்றாக ஓடி ஓடி விரித்தாள். துணியில் சூடு இருந்தது. பிள்ளை இல்லை. சன்னலோரத்தில் தூளியே கட்டாத ஸ்ப்ரிங்கும் ஏறி இறங்கியது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

பூண்டு வாடை.

சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் தலைக்குமேல் இருந்த தாழ்ப்பாள் விலகியிருந்தது.

கைலிக் குவியலின் மேல் பிள்ளைகள் கிடந்தார்கள். தவழத் தெரிந்ததும் தெரியாததும். தலை நிற்காத நாற்பது நாள் பிள்ளையும். ஒவ்வொன்றும் தன் அம்மாவின் கைலியைத் தேடி எடுத்து, அதன் நுனியை வாய்க்குள் அடைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. சப் சப் என்ற அந்தச் சத்தம் மட்டும்தான். கைலியின் நுனிகள் நுரைத்திருந்தன.

விஜயனை வாரி எடுத்தாள். வாயிலிருந்து துணியைப் பிடுங்கினாள். அவன் விடவில்லை, பல்லில்லாத ஈறு அப்படிப் பிடித்தது. பிடுங்கினாள். அவன் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி கொளகொளவென்றது. உடம்பு துவண்டு அவள் கையில் வழிந்தது. மற்றதுகளின் வாயிலிருந்தும் ஒரு கையால் இழுத்து இழுத்து எறிந்தாள். எண்ணிக்கொண்டே இழுத்தாள். தோளில் விஜயன் ஒன்று. இரண்டு, மூன்று. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

தப்பாக எண்ணிவிட்டேன். மறுபடி எண்ணினாள்.

பன்னிரண்டு.

கடைசிப் பிள்ளை சுவரோரமாக முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மற்றதுகளைவிடச் சின்னது, கறுத்தது. அதன் வாயிலிருந்து நீண்டு கிடந்த கைலி பச்சைக் கட்டம் போட்டது. மடிப்பெல்லாம் ஈரக் களிமண்.

முன்பக்கம் குடைகளை மடக்குகிற சத்தம் கேட்டது. பல ஜோடிச் சப்பாத்துகள் சிமெண்டுத் தரையில் ஏறின. வீரம்மா கத்தப் பார்த்தாள். பிள்ளைகள் சாகின்றன, லோரியைக் கூப்பிடுங்கள் என்று கத்தப் பார்த்தாள். நெஞ்சில் காற்று இல்லை. வெறும் மூச்சுதான் வந்தது.

“பாத்தீங்களா சார்” என்றார் கிராணி, சந்தோஷமாக. “பதினோரு புள்ளைங்க இருக்கு. ஒரு சத்தம் இல்ல.”

யாரோ ஆங்கிலத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

சுவரோரத்துப் பிள்ளை மெதுவாகத் தலையைத் திருப்பியது. வீரம்மாவைப் பார்த்தது. கைலியை வாயிலிருந்து விட்டது. முகத்தைக் கோணி, உதட்டைப் பிதுக்கி, வாயைப் பெரிதாகத் திறந்தது. ஆறு வருஷமாகக் காத்திருந்தவள், தன்னை அறியாமல் அதை நோக்கிக் குனிந்தாள்.

அவள் தோளில் விஜயனும் வாயைத் திறந்தான். குவியலின் மேல் ஒவ்வொன்றாக எல்லாம் திறந்தன. நெஞ்சுகள் தூக்கித் தூக்கிப் போட்டன, முகங்கள் அழுகையில் சுருங்கின, பன்னிரண்டு வாய்களும் தொண்டைவரை திறந்திருந்தன.

ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை.